‘அவங்களுக்கு என்ன தெரியும்?’ என்பவர்களுக்கு

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கள்கிழமை காலையில் வேலூர் சாலையில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்களில் பலர் கையில் பிளாஸ்டிக் உறை இருக்கும். உறைக்குள் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், இரண்டு பக்க மனு. முதியோர் உதவித்தொகை, பட்டா, பொதுவழி ஆக்கிரமிப்பு என்று வரும் மனுக்களுக்கு நடுவே பள்ளிக்கூட மனுக்களும் வரும். பிள்ளைக்குச் சாதிச் சான்று கிடைக்கவில்லை, விடுதியில் இடமில்லை, மலையில் இருக்கும் பள்ளிக்கு வாத்தியார் வருவதே இல்லை. மனுவுக்கு ஒரு எண் போடுகிறார்கள். அந்த எண்ணோடு மனு எந்த அலுவலகத்தின் மேல் புகாரோ அந்த அலுவலகத்துக்கே போய்ச் சேர்கிறது.

இந்த மனிதர்களிடம் போய், “உங்கள் பிள்ளைகளுக்காக அரசு ஒரு விதி எழுதப் போகிறது, அதை எப்படி எழுதலாம்?” என்று கேட்க வேண்டும் என்றால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். “அவங்களுக்கு என்னங்க தெரியும்? கையெழுத்தே போடத் தெரியாது, சட்டம் பத்தி என்ன சொல்வாங்க?” அதிகாரிகள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. ஆசிரியர்கள் பேசுகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் பேசுகிறார்கள், முற்போக்கு மேடைகளில் முழங்கிவிட்டுத் தேநீர் குடிக்கும்போது தோழர்களும் பேசுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள் என்பதால்தான் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது. இந்தக் கருத்து தவறு. அது பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துமிருக்கிறது.

முதலில் ‘தெரியாது’ என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். சட்ட வாசகம் எழுதத் தெரியாது என்றால் உண்மை. அது பெரும்பாலான அமைச்சர்களுக்கும் தெரியாது, அதற்கென்று சட்டத்துறையில் ஆள் இருக்கிறார். ஆனால் ஒரு விதி எந்த இடத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே தள்ளுகிறது என்பது யாருக்குத் தெரியும்?

செங்கல் சூளையைப் பாருங்கள். இந்த மாவட்டத்து இருளர் குடும்பங்களில் பல தை பிறந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குக் கிளம்பிவிடும், ஆடி வாக்கில்தான் திரும்பும். பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆக, பிள்ளை ஆண்டுத் தேர்வையும் தவறவிடுகிறது, அடுத்த ஆண்டின் தொடக்கத்தையும் தவறவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உள்ளாட்சி அமைப்பு உறுதிசெய்ய வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால்கூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. காகிதத்தில் ஒரு ஓட்டை கிடையாது.

சூளையில் நடப்பது வேறு. நள்ளிரவுக்கு மேல் கல் அறுக்கத் தொடங்கினால் வெயில் ஏறும் வரை தாயும் தகப்பனும் களத்தில் நிற்பார்கள். எட்டு வயது அக்காதான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளி அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கலாம், தலைமையாசிரியர் தங்கமான மனிதராக இருக்கலாம், சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயரும் ஏறியிருக்கலாம். அவள் போகமாட்டாள். அவள் பள்ளிக்குப் போக வேண்டுமானால் தம்பிக்குச் சூளையிலேயே ஒரு அங்கன்வாடி வேண்டும். அந்தத் தாயிடம் கேட்டிருந்தால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பாள். ‘போக்குவரத்துப் படி’, ‘இணைப்பு வகுப்பு’, ‘சிறப்புப் பயிற்சி மையம்’ என்று எழுதிக்கொண்டே போகிறவர்களுக்குக் கைக்குழந்தை கண்ணில் படுவதில்லை.

சாதிச் சான்று விவகாரம் இன்னும் பழையது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச் சான்றை 1989 நவம்பரிலிருந்து வருவாய்க் கோட்டாட்சியர்தான் தருகிறார். அதற்கு முன் வட்டாட்சியர் தந்துகொண்டிருந்தார். போலிச் சான்றுகளைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் போலிச் சான்று வாங்கும் அளவுக்கு விவரமானவர் எந்தக் கோட்டாட்சியர் அலுவலகத்தையும் கண்டுபிடித்துப் போய்விடுவார். கூலியை விட்டுவிட்டுப் பேருந்துக்குக் காசு கொடுத்து மூன்று நான்கு முறை அலைய முடியாதவர் நிஜமான இருளர்தான். தகப்பனுக்குச் சான்று இருந்தால் மகனுக்குக் கிடைக்கும். தகப்பன் பள்ளிக்கே போகாதவர் என்றால் சான்றுக்கு எங்கே போவது? பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று விசாரணையில் கேட்ட கதைகளை இருளர் குடியிருப்புகளில் இன்றும் சொல்வார்கள். விதியைக் கடுமையாக்கும்போது எதிர்த்தரப்பில் யாரை உட்காரவைத்துப் பேசினார்கள்?

நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அடுத்த வாதம். இதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். சட்டமன்றத்தைக் கேட்கவில்லை, கட்சியைக் கேட்கவில்லை, எந்தப் பிள்ளைகளுக்காக என்று சொன்னார்களோ அந்தப் பிள்ளைகளின் வீட்டில் கேட்கும் எண்ணம் எழவே இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பருலேகர் தலைமையில் நிபுணர் குழு அமைத்தார்கள். அந்தக் குழு என்ன சொன்னது? திட்டம் சரியானது என்றது! நிபுணர்கள் சரி என்றதை ஊர் ‘குலக்கல்வி’ என்று ஒரே சொல்லில் புரிந்துகொண்டது. ராஜாஜி பதவி விலகினார்; 1954 மே மாதம் காமராஜ் அரசு திட்டத்தைக் கைவிட்டது. செருப்புத் தைப்பவர் மகனுக்கு அந்த மூன்று மணி நேரத்தின் பொருள் என்ன என்பதை அறிய எந்த ஆய்வறிக்கையும் தேவைப்படவில்லை.

இது பழங்கதை என்பார்களானால் 2019க்கு வருவோம். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று செப்டம்பரில் அரசாணை வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்றால் முதலில் படிப்பை விடுவது யார் வீட்டுப் பிள்ளை என்று எந்த அரசுப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. 2020 பிப்ரவரியில் அரசே அதை ரத்துசெய்தது. இடையில் அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் பட்ட பயத்துக்குக் கணக்கில்லை.

காமராஜ் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்து, “ஏன் பள்ளிக்குப் போகலை?” என்று கேட்டதாகவும், “சோறு யார் போடுவா?” என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். மேடைதோறும் சொல்கிறார்கள், கண் கலங்கச் சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையின் உயிரே கேட்டதில்தான் இருக்கிறது. காலை உணவுத் திட்டம் பிறந்ததைப் பற்றி அதைத் தொடங்கிய முதல்வர் மு.க. ஸ்டாலின் சொன்னதும் அப்படித்தான்: பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டேன், காலையில் சாப்பிடவில்லை என்றார்கள். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. ஒரு தலைவர் வழியில் கேட்டால் வரலாறு, அதையே முறையாக எல்லோரிடமும் கேளுங்கள் என்றால் வேலையில்லாத வேலை. இது என்ன நியாயம்?

கேட்காததன் விலை என்ன என்பதற்கு 2025ஆம் ஆண்டே போதும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு கொடுக்கும். ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். (அந்தப் பணத்தை அரசுப் பள்ளிக்கே கொடுத்துவிடலாமே என்று ஒரு கட்சி உண்டு. எனக்கும் அதில் பாதிச் சம்மதம். ஆனால் சட்டம் இருக்கும்வரை அது ஏழைப் பிள்ளையின் உரிமை.) வழக்கமாக ஏப்ரல் வாக்கில் இணையத்தில் விண்ணப்பம் தொடங்கும். அந்த ஆண்டு தொடங்கவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை, பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேரவில்லை என்று ஒன்றிய அரசு நிதியை நிறுத்திவைத்தது. பணம் வராமல் என்ன செய்ய என்று மாநில அரசு கையை விரித்தது. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்றது. கடைசியில் பணம் வந்து சேர்க்கை அறிவிக்கப்பட்டபோது அக்டோபர்.

பள்ளிகள் திறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. என்ன விதி எழுதினார்கள்? தனியார் பள்ளியில் ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் தகுதி உள்ளவர்களைத் தேர்வுசெய்வது, அவர்கள் கட்டிய கட்டணத்தைப் பள்ளி திருப்பிக் கொடுப்பது. அலுவலகத்திலிருந்து பார்த்தால் கச்சிதமான தீர்வு. வருடத்தின் நடுவில் பிள்ளையைப் பள்ளி மாற்ற வேண்டாம், இடம் காலியா என்று தேட வேண்டாம். ஆனால் ஜூன் மாதம் கட்டணம் கட்ட முடிந்தவர் யார்? கடன் வாங்கியோ நகையை வைத்தோ முன்கூட்டியே பணம் கட்ட முடிந்த ஏழைக்குத்தான் இலவச இடம். கட்ட வழியில்லாமல் பிள்ளையை அங்கன்வாடியில் விட்டவர் இந்த வரிசையிலேயே இல்லை. இலவசக் கல்விக்கான விதி, பணம் இல்லாதவரை வெளியே நிறுத்திவிட்டது. வரைவை ஒரே ஒரு கூலித் தொழிலாளி முன் வாசித்துக் காட்டியிருந்தால், “நான் ஜூன்ல காசு கட்டலயே, எனக்கு?” என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வி விதியை மாற்றியிருக்கும், அல்லது மாற்ற முடியாததற்கான காரணத்தையாவது அரசு சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

“கேட்டோமே” என்பார்கள் சிலர். தேசியக் கல்விக் கொள்கைக்காக இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளிலிருந்து கருத்துப் பெற்றதாக ஒன்றிய அரசு பெருமையோடு சொன்னது. அப்போது இந்த மாவட்டத்தில் 860 கிராம ஊராட்சிகள் இருந்தன. வாசகர்களே, உங்கள் ஊராட்சியில் அந்தக் கூட்டம் நடந்தது உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? 2019 மே மாதக் கடைசியில் வந்த வரைவு 484 பக்கம், வெளியிடும்போது ஆங்கிலத்திலும் இந்தியிலும். கருத்துச் சொல்ல முதலில் கொடுத்த அவகாசம் ஒரு மாதம், பிறகு இன்னொரு மாதம். ஜமுனாமரத்தூரில் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடிப் பெற்றோர் ஆங்கில வரைவைப் படித்து மின்னஞ்சல் அனுப்பவில்லை என்றால் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று பொருளாகிவிடுமா?

நம் மாநிலமும் இதில் யோக்கியம் கொண்டாட முடியாது. நீதிபதி த. முருகேசன் தலைமையில் 2022இல் மாநிலக் கல்விக் கொள்கைக் குழு அமைத்தார்கள். அதிகாரிகளின் தலையீடு இருப்பதாகக் குற்றம்சாட்டி 2023 மே மாதம் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜவகர்நேசன் விலகினார். 2024 ஜூலையில் அறிக்கை முதல்வர் கைக்குப் போனது. பள்ளிக் கல்விக்கான கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது. இடையில் ஓராண்டுக்கு மேல். அவ்வளவு நாளில் ஒரு தமிழ் வரைவை ஊர் ஊராக வாசித்துக் காட்ட நேரம் இல்லையா?

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்ற பதில் வரும். இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். சட்டத்தின் 21ஆம் பிரிவு முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது, பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதாசாரப்படி இடம். 2022 மார்ச் 20 அன்று தமிழ்நாட்டின் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, பிறகு குழுக்களை மாற்றியமைத்தது சாதாரண வேலை இல்லை. எத்தனையோ ஊரில் முதன்முறையாக ஒரு கூலித்தாய் தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் குழுவின் வேலை என்ன? கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர், மேம்பாட்டுத் திட்டம், மானியக் கணக்கு. மேலே எழுதிய விதியைக் கீழே நடத்திக்கொடுப்பது. விதியைப் பற்றி அதனிடம் யாரும் கேட்பதில்லை. விதி பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்ல 34ஆம் பிரிவில் வேறொரு குழு இருக்கிறது: மாநில ஆலோசனைக் குழு, அதிகபட்சம் 15 பேர், தொடக்கக் கல்வியிலும் குழந்தை வளர்ச்சியிலும் அறிவும் நடைமுறை அனுபவமும் உள்ளவர்கள். பெற்றோர் என்ற சொல் அங்கே இல்லை. சூளைக்கும் ஊருக்கும் நடுவே நான்கு பிள்ளைகளை வளர்த்தவளுக்குக் குழந்தை வளர்ச்சியில் நடைமுறை அனுபவம் இல்லையாம்.

இனி, எதிர்ப்பக்கத்து வாதங்களில் உண்மையிலேயே கனமான ஒன்று. ஊரைக் கேட்டால் ஊர் என்ன சொல்லும்? 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் பூட்டுப் போட்டார்கள். அதிகாரிகள் அவரையே இடமாற்றினார்கள், எதிர்ப்பு வந்த பிறகே திரும்ப அமர்த்தினார்கள். 2023இல் காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகக் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. இவர்களும் ‘பங்குதாரர்கள்’தானே, இவர்களையும் கேட்டு விதி எழுதலாமா என்கிறார்கள். உள்ளூர் மக்களின் விருப்பம் என்று விட்டிருந்தால் இந்த நாட்டில் சேரிப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்காது என்கிறார்கள்.

சரியான பேச்சு. ஆனால் அது நம் கோரிக்கைக்கு எதிரான பேச்சு இல்லை. ஊரைக் கேட்பது வேறு, சேரியைக் கேட்பது வேறு. பட்டியல் சாதிப் பெண் சமைக்கலாமா என்பது கருத்துக் கேட்கிற விஷயமே இல்லை; அரசமைப்புச் சட்டம் அதை 1950லேயே முடித்துவிட்டது. கேட்க வேண்டியவர்கள் விதி யாருக்காகவோ அவர்கள். அவர்களைத் தனியாக, அவர்கள் குடியிருப்பில், ஊர்ப் பெரிய மனிதர்கள் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காமல் விட்டால் அதிகாரி தனியாக முடிவெடுப்பார் என்று நினைப்பது வெகுளித்தனம். ஆதிக்கச் சாதிக்காரருக்கு ஒன்றியச் செயலாளரைத் தெரியும், சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்குள் போகத் தெரியும். அவர் கருத்து எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். திருப்பூரில் அதிகாரிகள் முதலில் யார் பேச்சைக் கேட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வெளிப்படையான, முறையான கலந்தாய்வு இல்லாத இடத்தில் நடப்பது மறைவான கலந்தாய்வு.

எழுத்தறிவில்லாதவர்களால் சட்டம் செய்ய முடியாது என்போருக்கு ராஜஸ்தானைச் சொல்லலாம். 1994இல் அங்கே கிராமக் கூலிகள், வேலைக்கு வந்தவர்கள் என்று எழுதியிருக்கும் பதிவேட்டைக் காட்டு என்று பொது விசாரணை நடத்தினார்கள். பட்டியலை வாசிக்க வாசிக்க, செத்தவர் பெயரில் கூலி, ஊரிலேயே இல்லாதவர் பெயரில் கூலி என்று கூட்டம் எழுந்து நின்று சொன்னது. அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இன்றைக்கு அதன் கீழ் மனுப் போடும் பட்டதாரிகள் கூலிக்காரர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

தாமதமாகும் என்ற பேச்சுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். மத்தியப் பிரதேசம் 1997இல் ஒரு விதி வைத்தது: பழங்குடிப் பகுதியில் 25 பிள்ளைகள் இருந்து, ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இல்லை என்று ஊர் கேட்டால் அரசு 90 நாளில் பள்ளி தர வேண்டும். அங்கே ஆசிரியருக்குக் கொடுத்த சம்பளம் அநியாயம், அதைப் புகழவரவில்லை. ஆனால் பெற்றோரின் கோரிக்கை விதியை இயக்கினால் வேகம் குறையாது என்பதற்கு அது சாட்சி. கேட்காமல் எழுதிய ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஐந்து மாதத்தை விழுங்கிவிட்டுக் குப்பைக்குப் போனதே, அந்தத் தாமதத்தை யார் கணக்கில் எழுதுவது?

சட்டம் குறுக்கே நிற்கிறதா என்றால், இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு விதியை எழுதிய பிறகு சட்டமன்றத்தில் வைக்கச் சொல்கிறது; முன்கூட்டி வெளியிட்டுக் கருத்துக் கேள் என்று கட்டாயப்படுத்தவில்லை. கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. பொது ஷரத்துகள் சட்டம் 1897இலேயே, வரைவை வெளியிட்டு ஆட்சேபணைகளைப் பரிசீலித்து விதி செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து நடைமுறையையாவது பின்பற்றலாம்.

எனவே பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள், பெரியது இல்லை. அடுத்த 25 விழுக்காட்டுச் சேர்க்கைக்கான வழிகாட்டுதலை வெளியிடும் முன் அதன் வரைவைத் தமிழில், நான்கு பக்கத்தில் எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் வாசியுங்கள். சூளைக்குப் போகும் குடும்பங்கள் ஊரில் இருக்கும் ஆவணி, புரட்டாசியில் வாசியுங்கள், அவர்கள் போன பிறகு மாசியில் வேண்டாம். ஜவ்வாது மலையில் உண்டு உறைவிடப் பள்ளி வாசலிலும், இருளர், நரிக்குறவர் குடியிருப்புகளிலும் தனித்தனியாக வாசியுங்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு மறுநாள் கூட்டம் போடாதீர்கள்: 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவெல்லாம் கடை போட்ட பெற்றோரும் உடன் இருந்த பிள்ளைகளும் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். ஏற்காததற்குக் காரணத்தை அதே குழுவுக்குத் தமிழில் எழுதி அனுப்புங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஒன்றிய அரசின் பணம் வேண்டாம், ஒரு அரசாணை போதும்.